ஏழாம் அத்தியாயம்: மாரியில் ஒரு சுற்று

தன்னாமுனையில் மாரி இறங்கிவிட்டால் பிள்ளைகளுக்கு வெளிவிளையாட்டு இல்லை. மட்டக்களப்புக்கு ஓராண்டில் கிடைக்கிற மழையின் பெரும்பங்கு நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். வளவு சகதியாகும், வாவி ஓரத்துப் புல்வெளி தண்ணீருக்குள் போகும், கிரிக்கெட் மட்டை கதவு மூலையில் சாயும். பிறகு எல்லாரும் திரைக்கு முன்னால்தான். இந்த அத்தியாயம் அந்த மூன்று மாதங்களுக்காக எழுதப்பட்டது.

நம் பக்கத்துப் பிள்ளைகளில் அநேகர் கோல்ஃப் மைதானத்தை நேரில் கண்டதில்லை. மட்டக்களப்பில் அப்படி ஒன்று இல்லை. கிழக்கில் பார்க்க வேண்டுமென்றால் திருகோணமலை சீனன்குடாவில் விமானப்படையினர் நடத்தும் மைதானத்துக்குப் போகவேண்டும். றோயல் கொழும்பு கோல்ஃப் கிளப் 1879இல் தொடங்கியது, நுவரெலியாவினது 1889இல். இரண்டும் நூற்றாண்டு கடந்தவை, இரண்டும் நமக்குத் தூரம். ஆகவே நமக்கு மைதானம் என்பது போன் திரையோ தொலைக்காட்சித் திரையோதான். இந்தத் திரைக் கோல்ஃபை ஒப்புக்கு ஆடுகிற பொழுதுபோக்காக நான் நினைக்கவில்லை. காற்றைக் கணக்குப் பார்த்து, கையை அடக்கி, ஓர் அடிக்கு முன் அரை நிமிடம் யோசிக்கப் பழக்குகிற விளையாட்டு இது. முந்திய அத்தியாயங்களில் வெயில்நாள் ஆட்டம் பார்த்தோம். வெயிலில் நன்றாக ஆடுகிறவர்கள் காற்றும் மழையும் வந்ததும் ஏன் சறுக்குகிறார்கள் என்பதை இங்கே பார்க்கலாம்.

மாரியில் ஆடுகிறவருக்கு இரண்டு மழை. ஒன்று திரைக்குள் பெய்வது, மற்றது கூரைக்கு மேல். இரண்டுக்கும் வேறுவேறு ஆயத்தம் வேண்டும்.

காற்றைப் பார்த்து வீசுவது

1984இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘கோல்ஃப்’ என்ற கேமை எழுதியவர் சத்தோரு இவாத்தா. பின்னாளில் அந்த நிறுவனத்துக்கே தலைவரானவர். ஒரு கோட்டின் மேல் ஓடும் குறியை மூன்று முறை அழுத்திப் பந்தை அடிக்கும் முறையை அந்தக் கேம் ஊன்றிவிட்டது. முதல் அழுத்தில் தொடக்கம், இரண்டாவதில் பலம், மூன்றாவதில் நேர். இன்றைக்கும் பல கேம்களில் அதே கோடுதான் உருமாறி நிற்கிறது. அந்தப் பழைய கேமிலேயே திரையின் ஓரத்தில் காற்றுக்கு ஓர் அம்புக்குறியும் ஓர் எண்ணும் இருந்தன. நாற்பது வருடமாக அம்பு அங்கேயே இருக்கிறது. புதிதாக ஆட வருகிறவர் கொடியைப் பார்க்கிறார், பந்தைப் பார்க்கிறார், அம்பை மட்டும் பார்ப்பதில்லை.

எனக்கு அந்த அம்பைப் பார்க்கச் சொல்லித்தந்தவர் கோல்ஃப் என்ற சொல்லையே கேள்விப்பட்டிராத ஒரு பெரியவர். வாவியில் வீச்சுவலை வீசுகிறவர். ஒரு மார்கழிப் பின்னேரம், வாடை உரத்து வீசிக்கொண்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று வலையின் மடிப்புகளை இடது முழங்கையில் அடுக்கினார். ஈயம் கோத்த விளிம்பில் ஒரு பகுதியைத் தோளில் போட்டுக்கொண்டார். மீன் துள்ளிய இடம் எனக்கே தெரிந்தது. அவர் அங்கே வீசவில்லை. இரண்டு பாகம் தள்ளி, காற்று வருகிற பக்கமாக, தண்ணீரோடு ஒட்டினாற்போலத் தாழ்த்தி வீசினார். விரிந்த வலையைக் காற்று தள்ளிக்கொண்டு வந்து சரியாகத் துள்ளிய இடத்தில் இறக்கியது. ஏன் உயர்த்தி வீசவில்லை என்று கேட்டேன். “மேல போனாக் காத்துக்குக் குடுத்த மாதிரி தம்பி” என்றார்.

இந்த அத்தியாயத்தின் முதற்பாதி முழுவதும் அந்த ஒரு வீச்சுக்குள் இருக்கிறது. இலக்கைப் பார்த்து அடிக்காதே, காற்று கொண்டுபோய்ச் சேர்க்கிற இடத்தைக் கணக்குப் பார்த்து அடி. உயரம் குறைத்து அடி.

இனிக் கணக்கு. நேர் எதிரே வருகிற காற்றும் முதுகுப்பக்கமாக வருகிற காற்றும் ஒரே அளவு வேலை செய்வதில்லை. மணிக்கு ஒரு மைல் எதிர்க்காற்றுக்குத் தூரத்தில் சுமார் நூற்றில் ஒரு பங்கு குறையும். அதே வேகப் பின்காற்று அதில் பாதியைத்தான் கூட்டித் தரும். எதிர்க்காற்றில் சுழலும் பந்து மேலே கிளம்பி, நின்று, செங்குத்தாக விழுகிறது. பின்காற்றில் அதைத் தாங்கும் விசை குறைவதால் அது சீக்கிரமே இறங்கிவிடுகிறது. ஆக, கொடி 150 யார் தூரத்தில், எதிர்க்காற்று 10 மைல் என்றால் 165 யாருக்கு அடிக்கிற நினைப்பில் கிளப்பை எடுக்கவேண்டும். பின்காற்று 10 மைல் என்றால் 142, 143. இது உண்மையான மைதானத்துக் கணக்கு. பந்தின் பறப்பை நிஜம்போலக் கணிக்கும் கேம்களில் இது ஏறக்குறையப் பொருந்தும். எளிமையான போன் கேம்களுக்கு உங்கள் சொந்தக் கணக்கு வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

எண்ணுக்கு முன் அலகைப் பாருங்கள். சில கேம்கள் மணிக்கு மைல் என்று காட்டும், சில செக்கனுக்கு மீட்டர். செக்கனுக்கு 5 மீட்டர் என்பது மணிக்கு 11 மைலுக்கு மேல். “அஞ்சுதானே” என்று அலட்சியமாக அடித்த பந்துகள் எத்தனையோ தண்ணீருக்குள் போயிருக்கின்றன. அம்பு காற்று வரும் திசையைக் காட்டுகிறதா, போகும் திசையைக் காட்டுகிறதா என்பதையும் முதல் குழியிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

காற்று நேராக வருவது அபூர்வம், சரிந்துதான் வரும். அதற்கு மணிக்கூட்டு முகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொடி இருப்பது 12 மணிப் பக்கம். காற்று 1 மணிப் பக்கத்திலிருந்து வந்தால், அதன் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கை எதிர்க்காற்றாகவும் பாதியைப் பக்கக்காற்றாகவும் எடுங்கள். 2 மணியிலிருந்து வந்தால் அதைத் திருப்பிப் போடுங்கள், எதிர்க்காற்று பாதி, பக்கக்காற்று பத்தில் ஒன்பது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் என்றால் இரண்டுமே பத்தில் ஏழு. கூட்டினால் ஒன்றுக்கு மேல் வருகிறதே என்று குழம்பவேண்டாம், சாய்ந்த விசையைப் பிரித்தால் அப்படித்தான் வரும். சாதாரண தரத்துக் கணிதம் போதும்.

பக்கக்காற்று பந்தை எவ்வளவு தள்ளும் என்பதற்கு ஒரே விடை கிடையாது. கேமுக்குக் கேம், கிளப்புக்குக் கிளப் மாறும். 2017இல் வந்த ‘கோல்ஃப் கிளாஷ்’ ஆடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதில் இலக்கைச் சுற்றி வளையங்கள் இருக்கும், எத்தனை வளையம் தள்ளி வைப்பது என்பதுதான் முழு ஆட்டமும். ஒரு வளையம் எவ்வளவு காற்றுக்குச் சமம் என்பது அந்தந்தக் கிளப்பின் துல்லிய எண்ணைப் பொறுத்து மாறும். வேறு கேம்களுக்கு ஒரு கொப்பி எடுங்கள். பயிற்சி மைதானத்தில் பக்கக்காற்றை 10 மைல் என்று வைத்து, ஒரே கிளப்பால் ஐந்து பந்து முழுப் பலத்தில் அடியுங்கள். பந்து கோட்டிலிருந்து எத்தனை யார் விலகியது என்று ஐந்தையும் எழுதிச் சராசரி எடுத்துப் பத்தால் வகுத்தால், அந்தக் கிளப்புக்கு ஒரு மைல் காற்று தள்ளும் தூரம் கிடைக்கும். டிரைவர், 5 அயர்ன், 7 அயர்ன், 9 அயர்ன், ஒரு வெட்ஜ் என்று ஐந்து கிளப்புக்குச் செய்தால் போதும், இடையில் உள்ளவற்றை ஊகிக்கலாம். ஒரு பின்னேர வேலை. எந்தக் காணொளியைப் பார்த்தும் கிடைக்காத பலன் அந்த ஒரு பக்கத்தில் கிடைக்கும், ஏனென்றால் அது உங்கள் கையின் கணக்கு.

உயரத்துக்கு வருவோம். நிலத்தோடு உரசுவதால் காற்று கீழே மெலிந்தும் மேலே உரத்தும் இருக்கும். நல்ல கேம்கள் இதையும் கணக்கில் எடுக்கின்றன. எடுக்காத கேமிலும் தாழ்ந்த பந்து வானத்தில் நிற்கும் நேரம் குறைவு, காற்றின் கையில் அகப்படும் நேரமும் குறைவு. எனவே 8 அயர்னை முழுப் பலத்தில் அடிக்கிற தூரத்துக்கு 7 அயர்னை முக்கால் பலத்தில் அடியுங்கள். ‘பிஜிஏ டூர் 2கே’ வரிசைக் கேம்களில் அடிக்கு முன் பந்தின் ஏற்றத்தைத் தாழ்த்தி வைக்கும் வசதி உண்டு. எதிர்க்காற்றில் அதைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். எதிர்க்காற்று வந்ததும் இன்னும் ஓங்கி அடிக்கத் தோன்றுவது எல்லாருக்கும் உள்ள இயல்பு. ஓங்கினால் சுழற்சி கூடும், சுழற்சி கூடினால் பந்து மேலே கிளம்பும், மேலே கிளம்பினால் பெரியவர் சொன்னதுதான்.

‘மாரியோ கோல்ஃப்: சூப்பர் ரஷ்’ என்ற 2021ஆம் ஆண்டுக் கேமில் வைல்ட்வெதர் வூட்ஸ் என்றொரு மைதானம் வருகிறது. அங்கே இடிமுழக்கத்தில் பந்தை உயர்த்தி அடித்தால் மின்னல் பந்தையே தாக்கிவிடும். சிறுவர்களுக்கு இந்தப் பாடத்தைப் புகட்ட இதைவிட நல்ல இடம் இல்லை.

எண்ணிக்கையை விடு

கெட்ட காலநிலையில் கைவிடவேண்டியது ஒன்று உண்டு. வெயில்நாளில் நீங்கள் எடுக்கும் புள்ளி. 2002 ஜூலையில் ஸ்கொட்லாந்தின் மியூர்ஃபீல்டில் நடந்த ஓப்பன் போட்டியின் மூன்றாம் நாள், கடலிலிருந்து மழையும் காற்றும் புகுந்தன. அந்த ஆண்டின் முதல் இரு பெரும்போட்டிகளையும் வென்றுவிட்டு வந்திருந்த டைகர் வூட்ஸ் அன்று எடுத்தது 81 அடிகள். உலகின் முதலாம் நிலை ஆட்டக்காரருக்கே அப்படி. மறுநாள் கிண்ணத்தைத் தூக்கியவர் எர்னி எல்ஸ். புயலுக்குள் அவரும் இழந்தார், குறைவாக இழந்தார்.

கேமிலும் அதே. காற்று 15 மைலுக்கு மேல் போனதும் கொடியை மறந்துவிட்டுக் கிரீனின் நடுவை இலக்காக வையுங்கள். நீர்நிலை இடப்பக்கம், காற்றும் இடப்பக்கமாகத் தள்ளுகிறது என்றால், போகி வந்தாலும் பரவாயில்லை என்று வலப்பக்கப் புல்லுக்குள் போடுங்கள். நேரடிப் போட்டி ஆடும்போது எதிராளிக்கும் அதே காற்றுதான் என்பதை நினைவில் வைத்திருங்கள். அவர் தவறு செய்யும் வரை பந்தைத் தரையில் வைத்திருப்பவருக்கே வெற்றிவாய்ப்பு அதிகம்.

திரைக்குள் மழை

சில கேம்களில் மழை வெறும் படம். துளி விழும், வானம் இருளும், பந்து வழக்கம்போலவே ஓடும். சில கேம்களில் மழை நிலத்தை மாற்றும். எது எந்த வகை என்று அறிய, ஒரே குழியில், ஒரே கிளப்பால், வெயிலில் ஒன்றும் மழையில் ஒன்றும் அடித்து, விழுந்த இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் இடைத்தூரத்தை ஒப்பிடுங்கள். ‘பிஜிஏ டூர் 2கே’யில் கிரீனின் இறுக்கத்தையும் ஃபெயார்வேயின் இறுக்கத்தையும் ஆட்டத்துக்கு முன் தெரிவு செய்யலாம். மழை பெய்யாவிட்டாலும் இரண்டையும் மிருதுவாக்கி வைத்தால் மாரிநிலம் கிடைத்துவிடும், வேண்டியமட்டும் பழகலாம்.

ஈரநிலத்தில் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும். உருண்டு போகும் என்று வழக்கமாகக் கழிக்கிற பத்து, பதினைந்து யாரைக் கழிக்காதீர்கள், கொடிவரைக்கும் பறக்கவே விடுங்கள். வழக்கத்துக்கு ஒரு கிளப் கூட என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். நனைந்த கிரீனில் உருட்டும்போது சற்று உரமாக உருட்டவேண்டும். அப்படி உருட்டிய பந்து சரிவுக்குக் குறைவாகவே வளையும். அதனால் பலத்தைக் கூட்டும்போது வளைவுக்காக விடுகிற இடத்தைக் குறைக்கவேண்டும். பலத்தை மட்டும் கூட்டிவிட்டு வளைவை மறப்பதுதான் மழைநாளில் நான் அதிகம் காண்கிற பிழை.

கூரைக்கு மேல் மழை

இந்தப் பகுதியைத் தவறாமல் வாசியுங்கள். இங்கே இழப்பது புள்ளி மட்டுமல்ல.

உண்மையான கோல்ஃப் போட்டியில் மின்னல் அபாயம் வந்தால் நீண்ட சைரன் ஒன்று ஒலிக்கும். ஒலித்ததும் எல்லாரும் ஆட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும். குழியை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள்ளும் அதே சட்டம் வேண்டும். நம் நாட்டில் இடிமின்னல் அதிகம் வருவது சித்திரை மாதத்தை ஒட்டியும் ஒக்டோபர், நவம்பரிலும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் நிற்கிறது. கன்சோல், தொலைக்காட்சி, ரவுட்டர் மூன்றையும் இடி நெருங்கும் முன்பே பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் போகும்வரை திரும்பப் பொருத்தவேண்டாம்.

கழற்றும்போது மின்வயரை மட்டும் கழற்றாதீர்கள். சில வருடங்களுக்கு முன் நான் அதைத்தான் செய்தேன். கன்சோலின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டேன். சுவரிலிருந்து வந்த தொலைபேசிக் கம்பி ரவுட்டரிலும், ரவுட்டரின் கேபிள் கன்சோலிலும் அப்படியே இருந்தன. விடியப் பார்த்தால் ரவுட்டர் செத்துப்போயிருந்தது. கன்சோலின் கேபிள் பொருத்துகிற வாய் கருகியிருந்தது, கிட்டப் போனால் எரிந்த பிளாஸ்டிக் மணத்தது. அன்றிலிருந்து அன்டெனா கம்பி, டிஷ் கம்பி, ரவுட்டர் கேபிள் எல்லாவற்றையும் கழற்றிய பிறகே நான் தூங்கப்போவேன்.

போன் மின்னலை இழுக்கும் என்று சொல்வது உண்மையல்ல. பற்றரியில் ஓடும் போனை வீட்டுக்குள் வைத்து ஆடலாம். சார்ஜ் வயர் செருகிய போனைக் கையில் பிடித்து ஆடுவதுதான் ஆபத்து. எனவே வானம் கறுக்கும்போதே போனையும் பவர் பாங்க்கையும் நிரப்பி வைத்துவிடுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் இடமென்றால் கன்சோலையும் பிளக் பலகையையும் தரையில் வைக்கவே கூடாது. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு மேசை உயரம் என்றால் என்னவென்று சொல்லித்தரத் தேவையில்லை. தண்ணீர் வாசற்படியைத் தாண்டும் முன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள். ஆட்டம் பிறகு.

சிக்னலைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம். மழை போன் அலையைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. டிஷ் தொலைக்காட்சியைத்தான் கனமழை மறைக்கும். போனில் சிக்னல் விழுவது பெரும்பாலும் கரண்ட் போய்க் கோபுரத்தின் பற்றரி இறங்குவதாலோ, எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் இருந்து பாவிப்பதாலோதான். அதனால் கரண்ட் போன உடனே நேரடிப் போட்டி தொடங்காதீர்கள். பாதியில் இணைப்பு அறுந்தால் வென்றுகொண்டிருந்த ஆட்டமும் தோல்விக் கணக்கில் விழும். அந்த நேரத்தைக் கொப்பிக்குக் கொடுங்கள். இணையம் இல்லாமல் ஆடக்கூடிய தனியாட்டம், பயிற்சி மைதானம் எந்தக் கேமில் இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள், பெரிய அப்டேட்டுகளையும் மழைக்கு முன் இறக்கிவிடுங்கள்.

சின்ன விடயங்கள் மூன்று. பற்றரி மிச்சப்படுத்தும் வசதியைப் போட்டால் பல போன்களில் திரை வெட்டி வெட்டி ஓடும், கோட்டில் ஓடும் குறியைச் சரியாக நிறுத்துவது சிரமம். அதைவிட வெளிச்சத்தைக் குறைப்பது மேல். விரல் ஈரமாக இருந்தால் திரை தொடுகையைப் பிழையாக வாசிக்கும், மடியில் ஒரு பழைய பருத்தித் துணி இருக்கட்டும். தகரக் கூரைக்குக் கீழே ஆடுகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள், மழை உரத்தால் ஸ்விங்கின் சத்தம் கேட்காது. காதால் தாளம் பிடித்து அடிக்கிறவர்கள் அப்போது தடுமாறுவார்கள். ஹெட்போன் போடுங்கள். இல்லையென்றால் கண்ணால் மட்டும் அடிக்க நல்ல நாளிலேயே சத்தத்தை நிறுத்திவிட்டுப் பழகுங்கள்.

கடைசியாக ஓர் அடி. போன மார்கழியில் என் அக்காவின் மகன் ஆடிக்கொண்டிருந்தான். கரண்ட் இல்லை, மெழுகுதிரி வெளிச்சம். திரையிலும் மழை. கொடி 150 யார், காற்று 12 மைல், 2 மணிப் பக்கத்திலிருந்து.

“மாமா, எட்டாம் நம்பரால நேர அடிக்கட்டா?”

“எதிர்க்காத்து எவ்வளவு மகன்?”

விரல் மடித்தான். “பாதி. ஆறு. நூத்தைம்பதுல நூத்துக்கு ஆறு… ஒம்பது யார். நூத்தைம்பத்தொம்பது.”

“மழை எண்டா உருளுமா?”

“உருளாது. அப்ப முழுசாப் பறக்கோணும்.” 7 அயர்னை எடுத்தான். அது அவன் கையில் 160 யார் போகும். கொப்பியைத் திரியடிக்குப் பிடித்தான். 7 அயர்னுக்கு ஒரு மைலுக்கு ஒரு யார் என்று எழுதியிருந்தது. பக்கக்காற்று பத்து மைலுக்குச் சற்று மேல். கொடிக்கு வலப்பக்கம் பத்து யார் தள்ளி, கிரீனே இல்லாத இடத்தில், ஈரப் புல்லின் மேல் இலக்கை வைத்தான். துணியில் விரலைத் துடைத்தான். ஏற்றத்தை ஒரு படி தாழ்த்தினான்.

பந்து வெறும் புல்லை நோக்கித்தான் கிளம்பியது. பாதி வழியில் சாயத் தொடங்கி, கிரீனின் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து, சேற்றில் குத்திய கல்லைப்போல் விழுந்த இடத்தில் நின்றது. கொடிக்கு ஏழு யார். அவன் போனை வைத்துவிட்டுப் பேனாவைத் தேடினான். 7 அயர்ன் வரிசையில், ‘ஒரு படி தாழ்த்தினால் காற்று கொஞ்சம் குறையத் தள்ளும்’ என்று எழுதிக்கொண்டான்.